உடற்கல்விப் படிப்புக்குக் கடன் வாங்கலாமா? மாதச் சம்பளத்தை வைத்து ஒரு முழுக் கணக்கு

ஈட்டி எறியும் மாணவி ஒருவர், பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு என்னிடம் வந்து நின்றார். கையில் நான்காக மடித்த கட்டண விவரத் தாள். "சார், உடற்கல்வி படிக்க மூன்று லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். வாங்கலாமா?" என்றார். "முதல் வேலையில் கையில் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். தெரியவில்லை. "மாதத் தவணை எவ்வளவு?" அதுவும் தெரியவில்லை. அன்று ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கத்தில் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

உடற்கல்வி நல்ல படிப்பு. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக அளவில் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை என்று அந்நிறுவனத்தின் ஆய்வு 2019-ல் வெளியானது. பிள்ளைகளை ஓடவைக்க ஆள் தேவை. ஆனால் தேவை இருக்கும் இடத்திலெல்லாம் அதற்கேற்ற சம்பளமும் நிரந்தர வேலையும் இருந்துவிடுவதில்லை. அதனால்தான் இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கும்போது மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகக் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன்.

கீழே வரும் எண்களுக்கு நாணயம் போடவில்லை. உங்கள் நாட்டுப் பணத்தை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். விகிதம் எங்கும் ஒன்றுதான்.

படி 1: அந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும்?

பணக் கணக்குக்கு முன்னால் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உடற்கல்வியில் பட்டம் என்பது வேறு, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்க்கும் தகுதி என்பது வேறு. சில இடங்களில் இரண்டும் ஒரே படிப்பில் வந்துவிடும். பல இடங்களில் பட்டம் முடித்த பிறகு ஆசிரியர் பயிற்சி என்று இன்னும் ஓரிரு வருடம் படித்து, தகுதித் தேர்வும் எழுத வேண்டும். மூன்று வருடம் என்று நினைத்துக் கடன் வாங்கியவர், நடுவழியில் அது ஐந்து வருடம் என்று தெரிந்துகொள்ளும்போது திரும்ப முடியாத இடத்தில் நிற்கிறார்.

நீங்கள் போக நினைக்கும் வேலைக்குப் பட்டம் கட்டாயமா என்றும் பாருங்கள். பள்ளி ஆசிரியர் வேலைக்குப் பெரும்பாலும் கட்டாயம். விளையாட்டு வீரர்களின் உடல் வலுவை வளர்க்கும் பயிற்சியாளர்களுக்கான சி.எஸ்.சி.எஸ். சான்றிதழும் இளங்கலைப் பட்டம் கேட்கிறது. ஆனால் கால்பந்து பயிற்சியாளராக வேண்டும் என்பவருக்கு வழி வேறு. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்கள் டி, சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாகப் போகும். ஏணியின் ஒவ்வொரு படியிலும் கேட்கப்படுவது முந்தைய உரிமமும் பயிற்சி கொடுத்த அனுபவமும்தான். கிளப்பில் பயிற்சி கொடுப்பது மட்டுமே ஆசை என்றால், பெரிய கடன் எடுப்பதற்கு முன் அந்த ஏணியின் அடிப்படியில் ஒரு கால் வைத்துப் பாருங்கள். ஜிம் பயிற்சியாளர் வேலைக்கும் பல இடங்களில் சில மாதச் சான்றிதழ் போதும்.

படி 2: முழுச் செலவையும் எழுதுங்கள்

கட்டணத் தாளில் இருப்பது பெரும்பாலும் முதல் வருடக் கட்டணம். அதை வருடங்களால் பெருக்கினால் மட்டும் செலவு வந்துவிடாது. உடற்கல்வி மாணவருக்கென்றே சில செலவுகள் உண்டு.

முதலில் ஷூ. ஓட்டத்துக்கு ஒரு ஜோடி, ஸ்பைக்ஸ் ஒரு ஜோடி, உள்ளரங்க விளையாட்டுக்கு ஒரு ஜோடி. காலையும் மாலையும் மைதானத்தில் இருப்பவரின் ஷூவின் அடிப்பாகம் எவ்வளவு சீக்கிரம் வழுவழுவென்று தேய்கிறது என்பது அணிந்தவருக்குத் தெரியும். வருடத்துக்கு ஒன்று என்று எழுதாதீர்கள், இரண்டு என்று எழுதுங்கள். அப்புறம் ட்ராக் சூட், நீச்சல் உடை, முகாம் கட்டணம், போட்டிகளுக்குப் போய்வரும் செலவு, முதலுதவிச் சான்றிதழ், அதைக் காலம் தவறாமல் புதுப்பிக்கும் செலவு.

சாப்பாட்டை யாரும் எழுதுவதில்லை. இரண்டு வேளை பயிற்சி செய்பவருக்கு விடுதிச் சாப்பாடு மட்டும் போதாது. முட்டை, பால், பழம் என்று வெளியே வாங்கும் செலவு மாதாமாதம் இருக்கும். அதில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்தான் பிறகு காயத்தில் படுக்கிறார்.

சம்பளமில்லாத மாதங்களும் செலவுதான். பள்ளிக்குச் சென்று பாடம் எடுக்கும் கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் ஒரு காசும் வராது, போக்குவரத்துச் செலவு மட்டும் போகும். மற்ற துறை மாணவர்கள் மாலையில் பகுதி நேர வேலைக்குப் போகலாம். உங்களுக்கு மாலை என்றால் மைதானம். சுலபமாகச் செய்யக்கூடிய ஒரே பகுதி நேர வேலை, வார இறுதிப் போட்டிகளில் நடுவராக இருப்பது. அதற்கு முதல் வருடத்திலேயே நடுவர் தேர்வு எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் கூட்டி, வீட்டிலிருந்து வரும் பணத்தையும் உறுதியான உதவித்தொகையையும் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் வாங்க வேண்டிய கடன். விளையாட்டு உதவித்தொகை என்றால் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: காயம் பட்டு ஒரு சீசன் ஆட முடியாவிட்டால் தொகை தொடருமா? தொடராது என்றால் அதைப் பாதியாகவே கணக்கில் எடுங்கள்.

படி 3: படிக்கும்போதே ஏறும் வட்டி

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாந்துபோகிறார்கள். "தவணை படிப்பு முடிந்துதான்" என்பது சரி. வட்டியும் படிப்பு முடிந்துதான் தொடங்கும் என்று அர்த்தமில்லை. சில கடன்களில் படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் மானியக் கடன் அப்படி. அதே அரசு தரும் மானியமில்லாக் கடனில் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து வட்டி ஓடும். ஆகவே உங்கள் கடன் எந்த வகை என்று கேளுங்கள்.

மாணவியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று வருடப் படிப்பு, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 1,00,000. வட்டி 10 சதவீதம், தனி வட்டி. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்குகிறது. முதல் லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 40,000. இரண்டாவதற்கு மூன்று வருடம், 30,000. மூன்றாவதற்கு இரண்டு வருடம், 20,000. மொத்தம் 90,000. ஆக முதல் தவணை கட்டும் நாளில் அவர் கடன் 3,00,000 கிடையாது, 3,90,000.

அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 5,154. பத்து வருடத்தில் கட்டுவது ஏறத்தாழ 6,18,000. இந்த எண்ணை எழுதியதும் அந்த மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. வாங்கியது மூன்று, கட்டுவது ஆறுக்கும் மேல்.

மாற்று வழி ஒன்று இருக்கிறது. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், முதல் வருடம் மாதம் 833, இரண்டாம் வருடம் 1,667, அதன்பின் 2,500. தவணை தொடங்கும்போது அசல் 3,00,000 அப்படியே நிற்கும், மாதத் தவணை 3,965 ஆகிவிடும். கட்டிய வட்டியையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 5,66,000. ஐம்பதாயிரத்துக்கும் மேல் மிச்சம். முழுதாகக் கட்ட முடியாதவர்கள் முதல் வருட வட்டியையாவது கட்டிப் பாருங்கள். நடுவர் வேலைக் காசு அதற்குப் போதுமாக இருக்கலாம்.

படி 4: வருமானத்தைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து பாருங்கள்

உடற்கல்வி முடித்தவர்களின் வருமானம் ஒரே மாதிரி இருக்காது. நிரந்தர அரசுப் பள்ளி வேலையில் இருப்பவருக்கும் தனியார் பள்ளியில் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் இருக்கக்கூடும், இருவரும் ஒரே வகுப்பில் படித்திருந்தாலும். இதில் சராசரி எடுத்தால் அது யாருடைய சம்பளமாகவும் இருக்காது. எல்லாச் சம்பளத்தையும் வரிசையில் வைத்து நடுவில் நிற்பதை எடுங்கள், இன்னும் நல்லது அதற்குக் கொஞ்சம் கீழே நிற்பதை எடுப்பது.

கல்லூரி விளம்பரத்தில் இருப்பது முதலிடம் பிடித்தவரின் சம்பளம். அதை விட்டுவிட்டு, அதே கல்லூரியில் இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு முன் முடித்த ஐந்தாறு பேரைத் தேடிப் பிடியுங்கள். சீனியர்கள் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள், மைதானத்தில் பழகியவர்களுக்குள் அந்தக் கூச்சம் குறைவு. கேட்க வேண்டியவை: முதல் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது? பிடித்தமெல்லாம் போக எவ்வளவு கைக்கு வந்தது? வருடத்தில் பன்னிரண்டு மாதமும் சம்பளம் உண்டா, விடுமுறை மாதங்களில் கிடையாதா? மாலையில் அணிக்குப் பயிற்சி கொடுப்பதற்குத் தனியாகத் தொகை தருகிறார்களா, அதே சம்பளத்துக்குள் அடக்கிவிடுகிறார்களா? "உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இன்னும் இந்தத் துறையில் இருக்கிறார்கள்?" என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் வேலை என்றால் கணக்கு வழுக்கும். வாரத்துக்கு 20 வகுப்பு என்றால், மாதம் 87 வகுப்பு என்று மனம் பெருக்கிவிடும். மழை, தேர்வுக் காலம், விடுமுறை, திடீரென்று வராத ஆட்கள் எல்லாம் போக வருடத்தில் 40 வாரம்தான் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 வகுப்பு. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 67. வருமானத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. தவணைக்கு இதெல்லாம் தெரியாது, அது பன்னிரண்டு மாதமும் வரும்.

பின்னால் சம்பளம் உயருமே என்பீர்கள். உயரும். ஆனால் நிரந்தர வேலையில் வருடத்துக்கு ஒரு படி என்று மெதுவாகத்தான் ஏறும், தவணையோ முதல் மாதமே முழுதாக நிற்கும். ஆகவே முதல் மூன்று வருடச் சம்பளத்தை வைத்து மட்டும் முடிவெடுங்கள்.

படி 5: கடன் எத்தனை மாதச் சம்பளம்?

இதுதான் முழுக் கணக்கின் நடுத்தூண். "மொத்தக் கடன் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது" என்று பொதுவாக ஒரு விதி சொல்வார்கள். எளிய விதிதான், ஆனால் வட்டியை அது கவனிப்பதே இல்லை. பத்து வருடத் தவணையில் ஒரு வருடச் சம்பளம் அளவு கடன் இருந்தால், 6 சதவீத வட்டியில் மாதச் சம்பளத்தில் 13 சதவீதம் தவணைக்குப் போகும். 10 சதவீத வட்டியில் 16 சதவீதம். ஆரம்பச் சம்பளம் குறைவாக இருக்கும் துறைக்கு இது அதிகம் என்பது என் கருத்து. கையில் வரும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகாமல் பார்த்துக்கொள்வது நிம்மதி.

அந்த எல்லைக்குள் நிற்க, தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் இவ்வளவுதான் இருக்கலாம் (பத்து வருடத் தவணைக்கு):

- வட்டி 6 சதவீதம்: 9 மாதச் சம்பளம் (லட்சத்துக்கு மாதத் தவணை 1,110)
- வட்டி 8 சதவீதம்: 8 மாதச் சம்பளத்துக்குச் சற்று மேல் (1,213)
- வட்டி 10 சதவீதம்: ஏழரை மாதச் சம்பளம் (1,322)
- வட்டி 12 சதவீதம்: 7 மாதச் சம்பளம் (1,435)

மாணவியின் 3,90,000-ஐ ஏழரையால் வகுத்தால் 52,000. அதாவது முதல் வேலையிலேயே மாதம் 52,000 கையில் வந்தால்தான் அந்தக் கடன் நிம்மதியானது. வருவது 30,000 என்றால் தவணைக்கு 17 சதவீதம் போகும். தாங்கலாம், ஆனால் இறுக்கம். 20,000 என்றால் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அந்தச் சம்பளத்தில் வாடகையும் கொடுத்து, வீட்டுக்கும் அனுப்புபவரால் முடியாது.

"தவணைக் காலத்தைப் பதினைந்து வருடமாக நீட்டிவிட்டால்?" என்று கேட்டார் அவர். நல்ல கேள்வி. 10 சதவீதத்தில் லட்சத்துக்கு மாதத் தவணை 1,322-லிருந்து 1,075 ஆகக் குறையும். ஆனால் லட்சத்துக்கு மொத்தமாகக் கட்டுவது 1,58,600-லிருந்து 1,93,400 ஆகும். மாதம் 247 குறைவதற்காக ஐந்து வருடம் கூடுதலாகக் கட்ட வேண்டும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் நீட்டுங்கள்.

படி 6: உங்கள் கடனின் விதி எது?

மேலே சொன்னது மாதாமாதம் மாறாத தவணை கட்டும் கடனுக்கு. வருமானத்தைப் பொறுத்துத் தவணை மாறும் கடன்களும் உண்டு. ஆஸ்திரேலியா 1989-ல் இதைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 2023 ஆகஸ்ட் முதல் பட்டப் படிப்பில் சேர்ந்தவர்கள், ஒரு வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் பகுதியில் 9 சதவீதம் கட்டுகிறார்கள், 40 வருடம் கழித்து மிச்சம் ரத்தாகும். அமெரிக்காவில் அரசுப் பள்ளி போன்ற பொதுச் சேவை வேலையில் முழு நேரமாக இருந்து, தகுதியான 120 தவணை கட்டியவருக்குக் கூட்டாட்சிக் கடனின் மீதி தள்ளுபடியாக 2007-ன் சட்டம் வழி செய்தது. இப்படிப்பட்ட கடனில் வேலை போனால் தவணையும் குறையும், அதனால் பயம் குறைவு. தனியார் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இரண்டும் கலந்து வாங்க வேண்டிவந்தால், தனியார் பங்கை மட்டும் படி 5-ன் கணக்கில் இன்னும் கடுமையாகப் பாருங்கள்.

படி 7: காயம் பட்டால் என்ன ஆகும்?

நம் துறையில் உடம்புதான் கருவி. முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தவர், பழையபடி விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். நிரந்தர வேலையில் இருப்பவருக்கு விடுப்பு உண்டு. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அந்த ஒன்பது மாதமும் வருமானம் இல்லை.

அதனால் கணக்கை இரண்டு முறை உடைத்துப் பாருங்கள். எதிர்பார்த்த சம்பளத்தில் முக்கால் பங்குதான் வருகிறது என்று ஒரு முறை. வேலை கிடைக்க ஒரு வருடம் தாமதம் என்று இன்னொரு முறை. இரண்டிலும் தவணையை யார் கட்டுவார்கள்? அப்பா என்றால் அவரிடம் இப்போதே சொல்லுங்கள். ஜாமீன் போடுபவர் எதற்குக் கையெழுத்து போடுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு தவணைப் பணம், இந்தக் கணக்கில் சுமார் 31,000, தனியாக ஒதுக்கிவைக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். கடனோடு வரும் காப்பீடு இறப்புக்கு மட்டுமா, உடல் முடங்கினாலும் பொருந்துமா என்று படித்துப் பாருங்கள். பல காப்பீடுகள் முதலாவதுக்கு மட்டும்தான்.

படி 8: தொகையைக் குறைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

கணக்கு இடித்தால் கனவை விட வேண்டியதில்லை, கடனைக் குறைக்க வேண்டும். கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியில் கிடைக்கும் அதே பட்டம், ஆசிரியர் வேலைக்கு அதே மதிப்புத்தான். பள்ளி வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பட்டமும் தகுதித் தேர்வும் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள், கல்லூரிக் கட்டடம் எவ்வளவு பளபளப்பு என்று பார்ப்பதில்லை. ஆனால் அங்கே ஓடுதளமும் உபகரணங்களும் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒப்புதல் கிடைத்த முழுக் கடனையும் எடுக்கத் தேவையில்லை. அந்தந்த வருடத்துக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள்.

கையெழுத்துக்கு முன் வங்கியில் கேட்க வேண்டியவை: வட்டி நிலையானதா, மாறுவதா? எந்தத் தேதியிலிருந்து ஏறும்? தனி வட்டியா, கூட்டு வட்டியா? முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா? பதிலை எழுதி வாங்குங்கள்.

தவணை தொடங்கிய பிறகு, சம்பளம் வரும் தேதிக்கு இரண்டு நாள் கழித்துத் தவணை போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லையென்றால், வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டுங்கள். 10 சதவீத வட்டியில் பத்து வருடக் கடன் ஒரு வருடத்துக்கும் மேல் முன்னதாகவே முடிந்துவிடும். கோடை விடுமுறை முகாமில் வரும் காசு அதற்கே போகட்டும்.

அந்த மாணவி ஸ்கோர் ஷீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து வந்தபோது அதில் வேறு கையெழுத்தில் இன்னும் சில எண்கள் இருந்தன. அவர் அம்மா எழுதியவை. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கும் கல்லூரி, விடுதிச் செலவு இல்லை, கடன் 1,20,000, படிக்கும்போதே வட்டி கட்ட அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏழரையால் வகுத்து 16,000 என்று கடைசி வரியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள். "இந்தச் சம்பளம் வருமா சார்?" என்றார். நான்கு சீனியர்களின் எண்களைக் கொடுத்து, அவர்களிடமே கேட்கச் சொன்னேன்.